கருவியின் கடினம்

எடிட்டர் என்ற சொல்லுக்கு நம் வட்டத்தில் ஒரே அர்த்தம். கைப்பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் பதில் போடாதவர். பதில் போடும்போது கடைசிப் பத்தி வேண்டாம் என்பவர். கம்ப்யூட்டர்க்காரர்கள் இதே சொல்லை ஒரு நிரலுக்குச் சூட்டிவிட்டார்கள். எழுத்துகளை உள்ளே இட, அழிக்க, இடம் மாற்றிவைக்க உதவும் நிரல் அவர்களுக்கு எடிட்டர். பொருந்தாத பெயர் என்றுதான் முதலில் தோன்றும். பத்திரிகை எடிட்டருக்கு அபிப்பிராயங்கள் உண்டு, நிரலுக்கு ஏது? உண்டு என்றே நினைக்கிறேன். எழுதுகிறவன் யார், அவனிடம் எவ்வளவு கேட்கலாம், அவன் கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவனா என்பவை பற்றி ஒவ்வொரு எடிட்டர் நிரலுக்கும் தீர்மானமான அபிப்பிராயம் இருக்கிறது. பெரும்பாலானவை அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

வெளிப்படையாகச் சொன்ன நிரல் ஈமாக்ஸ். 1976இல் அமெரிக்காவில், மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அன்று அது ஓடிய இயந்திரங்கள் இன்று காட்சிசாலைப் பொருள்கள். நிரல் மட்டும் உயிரோடு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அதன் 30ஆம் பதிப்பு வெளிவந்தது. பழகியவர்கள் அதை விடுவதில்லை. பழக முயன்றவர்களில் பலர் முதல் நாளே ஓடிவிடுகிறார்கள். ஓடுவதும் சுலபமில்லை, வெளியேறவே இரண்டு விசைக்கூட்டுகளை அடுத்தடுத்து அழுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

புரியவில்லை என்ற புகாரோடு நெடுங்காலமாக வாழ்ந்து வருகிற நமக்கு இந்த நிலைமை பரிச்சயமானது. புதுக்கவிதையின் மீது வைக்கப்பட்ட அந்தப் புகாருக்குச் சொல்லத்தக்க பதில்களில் உருப்படியானது ஒன்றுதான். கடினத்தில் இரண்டு வகை இருக்கிறது. விஷயத்திலிருந்தே வருவது ஒன்று. எழுதியவனின் அசிரத்தையிலிருந்தோ பழக்க தோஷத்திலிருந்தோ வருவது மற்றொன்று. முன்னதற்காக வாசகன் உழைக்கலாம்; பின்னதற்காக உழைக்க வேண்டிய கடன் அவனுக்கு இல்லை. பிரச்சினை என்னவென்றால், வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். சரித்திரம் தெரிந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். ஈமாக்ஸின் சரித்திரத்தை நான் பார்க்க விரும்புவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

1

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இந்தச் சொல்லை இப்படித் திருத்திப் படிக்கவும் என்றிருக்கும். அந்தப் பட்டியலை யாரும் செயல்படுத்துவதில்லை. செயல்படுத்த ஓர் இயந்திரம் இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தால், ஈமாக்ஸின் மூதாதையான டீகோ கிடைத்துவிடுகிறது.

டான் மர்ஃபி என்பவர் 1962, 63 வாக்கில் அதே கழகத்தில் பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டருக்காக அதை எழுதினார். அன்று நிரல் என்பது காகித நாடாவில் துளைகளாக இருந்தது. நாடாவைத் திருத்தும் நிரல் என்பதன் சுருக்கமே டீகோ. செய்ய வேண்டிய திருத்தங்களைக் கட்டளைகளாக முன்கூட்டியே கோத்துக் கொடுத்தால், பழைய நாடாவைப் படித்துத் திருத்திய நாடாவை அது துளைத்துத் தரும். எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருத்துவது என்ற எண்ணமே இதில் இல்லை. திருத்தத்தை எழுதுகிறோம், பிறகு அது நிறைவேறுகிறது.

இதிலிருந்து ஒரு விளைவு தவிர்க்க முடியாமல் வந்தது. திருத்தங்களை எழுதத் தொடங்கினால், இந்தத் திருத்தத்தை எல்லா இடத்திலும் செய், இந்தச் சொல் வந்தால் மட்டும் செய் என்றெல்லாம் எழுதத் தோன்றும். திரும்பச் செய்வதும் நிபந்தனை விதிப்பதும் வந்துவிட்டால் பட்டியல் பட்டியலாக இருப்பதில்லை, மொழியாகிவிடுகிறது. டீகோ அப்படி மொழியாயிற்று. பார்க்கச் சகிக்காத மொழி. அனேகமாக ஒவ்வோர் எழுத்தும், ஒவ்வொரு குறியும் ஒரு கட்டளை. உங்கள் பெயரைக் கட்டளையாக அடித்தால் கையிலிருக்கும் பிரதிக்கு என்ன நேரும் என்று ஊகிப்பது அன்றைய நிரல்காரர்களுக்கு ஒரு விளையாட்டு.

ஆனால் அவலட்சணத்துக்குள் ஒரு பெரிய விஷயம் இருந்தது. எழுத்தைத் திருத்துவதும் நிரல் எழுதுவதும் இங்கே ஒரே காரியம். ஈமாக்ஸ் தன் மூதாதையிடமிருந்து பெற்ற சொத்து இதுதான், கடனும் இதுதான்.

2

ஆய்வுக்கூடத்துக்குத் திரைகள் வந்தன. 1972இல் கார்ல் மிக்கெல்சன் டீகோவோடு ஒரு வசதியைச் சேர்த்தார்: அடிக்க அடிக்கத் திரையில் மாற்றம் தெரியும். அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது அங்கே புழங்கிய ஈ என்ற எடிட்டரைப் பார்த்தார். திரும்பி வந்து மிக்கெல்சனின் வசதியைச் சீராக்கியதோடு இன்னொன்றும் செய்தார். எந்த விசையை அழுத்தினாலும் அதற்கென எழுதப்பட்ட ஒரு சிறு டீகோ நிரல் ஓடும்படி அமைத்தார்.

சிறிய மாற்றம்தான். ஆனால் விசை என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இதனால் நிரலை எழுதியவரிடமிருந்து அதைப் பயன்படுத்துபவரின் கைக்குப் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் ஆளாளுக்குத் தங்கள் சௌகரியப்படி விசைகளை அமைத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில், ஒருவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்து வேலை செய்ய முடியாத நிலை வந்தது. ஒரே கூடத்துக்குள் இத்தனை பிராந்திய வழக்குகள். கை ஸ்டீல் இவற்றையெல்லாம் ஒப்பிட்டு ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரும் காரியத்தைத் தொடங்கினார். முடித்தவர் ஸ்டால்மன். அந்தச் சிறு நிரல்களுக்கு மாக்ரோ என்று பெயர். திருத்தும் மாக்ரோக்கள் என்பதன் சுருக்கமே ஈமாக்ஸ். அந்தக் கம்ப்யூட்டரில் ஈ என்ற ஒற்றை எழுத்தை வேறு எந்த நிரலும் சுருக்கப் பெயராக எடுத்துக்கொண்டிருக்கவில்லை என்பதும் பெயர்த் தேர்வுக்குக் காரணம்.

1981இல் ஒரு கருத்தரங்குக் கட்டுரையில் ஸ்டால்மன் தம் எடிட்டரை மூன்று அடைமொழிகளால் வர்ணித்தார்: நீட்டிக்கக்கூடியது, அவரவர்க்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது, தன்னைத் தானே விளக்கிக்கொள்வது. மூன்றில் எதுவும் சுலபமானது என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை அவர் ஒரு குணமாகவே கருதவில்லை போலும். அவர் கற்பனை செய்த உபயோகஸ்தன், கருவியை வாங்கிக்கொண்டு போகிறவனல்ல, பட்டறைக்குள் வந்து உட்காருகிறவன்.

விநியோகமும் அப்படித்தான் நடந்தது. ஈமாக்ஸை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செய்கிற மேம்பாடுகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் அதை ஒரு கம்யூன் என்றே அழைத்தார். சிறு பத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். சந்தா என்பது இங்கே பணமல்ல, பங்களிப்பு. வாசகர்களும் எழுதுகிறவர்களும் அனேகமாக ஒரே ஆட்கள். வட்டம் சிறியதாக இருக்கும்வரை நடக்கும்.

3

அதே ஆண்டுகளில் அதே கேள்விக்கு வேறு பதில்களும் சொல்லப்பட்டன. அவற்றோடு ஒப்பிடாமல் ஈமாக்ஸை எடைபோட முடியாது.

கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மோட்டும் 1974, 75இல் ஜிப்ஸி என்ற எடிட்டரை உருவாக்கினார்கள். பாஸ்டனிலிருந்த கின் என்ற பாடப்புத்தக நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது அது. பதிப்பகத்து ஆட்கள் காகிதத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று முதலில் கவனித்தார்கள். கத்தரிக்கோலால் வெட்டி, வேறிடத்தில் பசைபோட்டு ஒட்டுவார்கள். வெட்டு, ஒட்டு என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வது இந்தக் கத்தரிக்கோலிலிருந்தும் பசையிலிருந்தும் பிரபலமானதுதான். எந்த நிலையிலும் ஒரு விசைக்கு ஒரே அர்த்தம் இருக்க வேண்டும் என்பது டெஸ்லரின் ஆயுட்காலப் பிடிவாதம். காரின் நம்பர் பலகையில்கூட அதை எழுதிவைத்திருந்தார். ஜிப்ஸியின் அபிப்பிராயம் இது: எழுதுகிறவனுக்கு ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது, இன்னொன்றை அவன் தலையில் கட்டக் கூடாது.

லண்டனில் ஜார்ஜ் கூலூரிஸ், யூனிக்ஸில் இருந்த ஈ.டி. என்ற எடிட்டரின் மௌனம் தாளாமல் அதை மாற்றி எழுதினார். ஈ.டி. ஒரு வரியைக் கேட்டால்தான் காட்டும். தவறு செய்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் போடும். கூலூரிஸ் தம் நிரலுக்கு மானிடர்க்கான எடிட்டர் என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார். 1976இல் அவர் பெர்க்லிக்கு வந்தபோது அதைப் பார்த்த மாணவர் பில் ஜாய், அதை அடிப்படையாகக் கொண்டு வி.ஐ. என்ற எடிட்டர்வரை போனார். வி.ஐ.யில் ஒரே விசைக்கு இரண்டு வாழ்க்கை: ஒரு நிலையில் எழுத்து, மற்றொரு நிலையில் கட்டளை. டெஸ்லர் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் காரணம் இருந்தது. ஜாய் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக, விநாடிக்குச் சுமார் 30 எழுத்து வேகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். திரையை மறுபடி வரைய வெகுநேரம் ஆகும். கட்டளைகள் இரண்டு மூன்று எழுத்துகளில் முடிய வேண்டியிருந்தது. வி.ஐ.யின் சிக்கனம் வறுமையில் பழகிய சிக்கனம். ஈமாக்ஸ்காரர்களுக்குத் திரை பக்கத்திலேயே, வேகமான கம்பியில் இருந்தது. இரண்டு எடிட்டர்களின் ரசிகர்களுக்கிடையே இத்தனை வருஷமாக நடக்கும் யுத்தத்தில் பாதி, இரண்டு வகைக் கம்பிகளுக்கு இடையிலான யுத்தம்.

மூன்றாவது குரல் இவர்கள் எல்லோருக்கும் முந்தியது. டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆம் தேதி ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் மௌஸையும் திரையில் நேரடியாக எழுத்தைத் திருத்துவதையும் செய்து காட்டினார். வலக்கையில் மௌஸ். இடக்கையில் ஐந்து விசைகள் கொண்ட ஒரு பலகை. வீணைக்காரன் போல் விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்துகளை இட வேண்டும். கஷ்டமாயிருக்கிறதே என்றவர்களிடம் அவர் மூன்று சக்கர வண்டியையும் சைக்கிளையும் உதாரணம் காட்டுவார். மூன்று சக்கர வண்டியை யாரும் உடனே ஓட்டலாம். அதற்காக வாழ்நாள் முழுக்க அதிலேயே போவோமா?

சந்தை டெஸ்லரின் பக்கம் போயிற்று. மௌஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து விசைப் பலகையைக் குப்பையில் போட்டது. அது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கின் பதிப்பகத்தின் ஊழியர் சரியாகத்தான் மதிக்கப்பட்டார். ஆனால் எங்கெல்பார்ட்டின் கேள்விக்குச் சந்தை பதில் சொல்லவில்லை, கேள்வியை விட்டுவிட்டது.

4

இப்போது கடினங்களைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஈமாக்ஸ்காரர்களின் சுண்டுவிரல் பிரசித்தமானது. அனேகமாக எல்லாக் கட்டளைக்கும் கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது இன்றைய விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கிறது. வருஷக்கணக்கில் சுண்டுவிரலை மடக்கி மடக்கிக் கைவலி வந்தவர்கள் உண்டு. இது ஈமாக்ஸின் இயல்பா? இல்லை. ஈமாக்ஸின் பழக்கங்கள் உருவான காலத்தில் ஆய்வுக்கூடத்துக்காரர்களின் பலகைகளில் கண்ட்ரோல் விசை இடைவெளி விசைக்குப் பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டும்படி இருந்தது. அதற்குப் பக்கத்தில் மெட்டா என்று இன்னொரு விசை. பிறகு வந்த பெர்சனல் கம்ப்யூட்டர்கள் கண்ட்ரோலை மூலைக்குத் தள்ளின, மெட்டாவை ஒழித்தன. ஆல்ட் விசை அதன் வேலையைப் பார்க்கிறது. உதவிப் புத்தகத்தில் இன்னும் மெட்டா என்றே எழுதியிருக்கிறது. இல்லாத விசையின் பெயரில் ஐம்பது வருஷமாகக் கட்டளைகள். இடித்த வீட்டின் வாசல் எண்ணுக்கே கடிதம் போடுவது மாதிரி.

சொற்களும் அப்படியே. உலகம் வெட்டு என்பதை ஈமாக்ஸ் கொல் என்கிறது. ஒட்டு என்பதைப் பிடித்திழு என்கிறது. எல்லோரும் ஜன்னல் என்பது அதற்குச் சட்டம். சட்டத்துக்குள் தடுத்துக்கொண்ட பகுதிகளே அதற்கு ஜன்னல். வேண்டுமென்றே மாறுபட்டதல்ல இது. உலகம் தன் சொற்களை நிச்சயித்துக்கொள்ளும் முன்பே ஈமாக்ஸ் தன் சொற்களைச் சொல்லிவிட்டது. பிற்பாடு மாற்றிக்கொள்ள மறுத்தது மட்டும் பிடிவாதம். இவை இரண்டாவது வகைக் கடினம். இதற்காக உழைப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. இதைச் சகித்துக்கொள்வதை ஒரு தீட்சையாகக் கொண்டாடும் ஈமாக்ஸ்காரர்கள், புரியாமையையே கவித்துவம் என்று நினைத்த நம்மூர்க் கவிஞர்களின் சகோதரர்கள்.

முதல் வகைக் கடினம் வேறு. எந்த விசையைப் பற்றியும் ஈமாக்ஸிடம் கேட்கலாம்: இது என்ன செய்யும்? அது பெயரையும் விளக்கத்தையும் காட்டும். அங்கிருந்து ஓரடி எடுத்துவைத்தால் அந்தக் காரியத்தைச் செய்யும் மூல நிரலே திறக்கும். அங்கேயே அதை மாற்றலாம். எடிட்டரை நிறுத்தாமலே மாற்றம் அமலுக்கு வரும். தன்னைத் தானே விளக்கிக்கொள்வது என்று ஸ்டால்மன் சொன்னது இதைத்தான். இந்தச் சுதந்திரத்தைச் சுலபமாக்க முடியாது. மாற்ற வேண்டுமானால் என்ன வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும்; சொல்ல ஒரு மொழி தெரிய வேண்டும். லிஸ்ப் என்ற பழைய மொழியின் ஒரு கிளை அது. அடைப்புக்குறிகளின் காடு என்று முதலில் தோன்றும். ஆனால் அந்தக் கடினம் விஷயத்தினுடையது.

5

இதெல்லாம் நிரல்காரர்களுக்குத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1978இல் பெர்னி கிரீன்பெர்க், மல்ட்டிக்ஸ் என்ற அமைப்புக்கு ஈமாக்ஸை முழுக்க லிஸ்ப்பில் எழுதினார். டீகோவின் அவலட்சணம் இதில் இல்லை. அவர் அலுவலகத்திலிருந்த செயலாளர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். எடிட்டரை எப்படி நீட்டிப்பது என்று சொல்லும் ஒரு கையேடு அவர்களுக்குக் கிடைத்தது. அதில் நிரல் எழுதுதல் என்ற வார்த்தையே இல்லை. ஆகவே அவர்கள் பயப்படவில்லை. தங்கள் அன்றாட வேலைக்கு வேண்டிய நிரல்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 2002இல் ஓர் உரையில் ஸ்டால்மன் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். நிரல் எழுத நமக்கு வராது என்று நம்பியிருந்தவர்கள், அது நிரல் என்று தெரியாததால் எழுதிவிட்டார்கள்.

எனக்கு இந்தச் சம்பவம் ஈமாக்ஸின் சரித்திரத்திலேயே மிக முக்கியமானது. டெஸ்லர் தம் ஊழியரை மதித்த விதம், அவருக்குத் தெரிந்ததை மட்டும் கேட்பது. கிரீன்பெர்க்கின் அலுவலகத்தில் நடந்தது, அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் அவர்களிடம் சொல்லாதது. இரண்டுமே மரியாதைதான். ஒரே மரியாதை அல்ல.

பலன்கள் பிறகும் வந்துகொண்டிருந்தன. கார்ஸ்டன் டொமினிக் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் வானியலாளர். தம் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்திக்கொள்ள 2003இல் ஈமாக்ஸுக்குள் ஒரு நீட்சி எழுதினார். ஆர்க் என்ற அந்த நீட்சி இன்று பலருக்கு ஈமாக்ஸைக் கற்பதற்கான ஒரே காரணம். எந்தக் கம்பெனியும் ஒரு வானியலாளரின் குறிப்பேட்டை வைத்துப் பொருள் தயாரித்திருக்காது. அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பட்டறைக் கதவு திறந்திருந்தது. அதே கதவு வழியாக விளையாட்டுகளும் வந்தன. நோயாளியின் பேச்சையே கேள்வியாகத் திருப்பிப் போடும் ஒரு போலி மனநல மருத்துவரும் ஈமாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஜோசஃப் வைஸன்பாம் 1966இல் அதே கழகத்தில் செய்த எலைஸாவின் வாரிசு அவர். எடிட்டரோடு மல்லுக்கட்டிச் சோர்ந்தவர்கள் அவரிடம் முறையிடலாம்.

6

முறையீட்டுக்கு விஷயம் நிறையவே இருக்கிறது. கருவியை மாற்ற முடியும் என்றால் மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் ஓர் அமைப்புக் கோப்பு வளர்கிறது. யாரோ எழுதியதைக் கொஞ்சம், தானே எழுதியதைக் கொஞ்சம் ஒட்டி ஒட்டி, சில வருஷங்களில் அதில் எது எதற்காக இருக்கிறது என்று உரிமையாளருக்கே தெரியாமல் போகிறது. புதிய பதிப்பு வந்ததும் ஏதோ ஒன்று உடைகிறது. ஒருநாள் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஈமாக்ஸ் திவால் என்றே அவர்கள் இதைச் சொல்கிறார்கள். நாவல் எழுத உட்கார்ந்தவன் விசை அமைப்பைச் சீர்செய்துவிட்டு எழுந்து போகிறான். பேனா தேடுவதும் மேஜையை இடம் மாற்றுவதும் எழுத்தாளர்களின் பழைய வியாதிகள். ஈமாக்ஸ் அந்த வியாதிக்கு ஒரு முழு மொழியையே கொடுத்திருக்கிறது. உழைத்த திருப்தியும் கிடைத்துவிடுகிறது. அதுதான் அபாயம்.

வேகத்தைப் பற்றிய புகாரும் பழையது. எட்டு மெகாபைட்டை விழுங்கிவிட்டு ஓயாமல் திணறும் நிரல் என்று அதன் ஆங்கிலப் பெயரெழுத்துகளை விரித்துக் கேலி செய்தார்கள். எட்டு மெகாபைட் இன்று ஒரு நல்ல புகைப்படத்தின் அளவு, கேலி காலாவதியாகிவிட்டது. ஒரு வேலை தாமதித்தால் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும் குணம் மட்டும் பெருமளவு அப்படியே இருக்கிறது.

இன்னொரு புகார் எடிட்டரைப் பற்றியதல்ல, சொத்துரிமையைப் பற்றியது. 1981இல் ஜேம்ஸ் கோஸ்லிங் யூனிக்ஸுக்காக ஓர் ஈமாக்ஸை எழுதினார். முதலில் தாராளமாகக் கொடுத்தார். 1983இல் உரிமையை யூனிபிரஸ் என்ற கம்பெனிக்கு விற்றார். ஸ்டால்மன் 1984இல் மறுபடி ஓர் ஈமாக்ஸை எழுதத் தொடங்கியபோது கோஸ்லிங்கின் வரிகளில் சிலவற்றை உபயோகித்திருந்தார். கம்பெனி ஆட்சேபித்தது. திரையை வரையும் பகுதியை, கோஸ்லிங்கே மண்டையோட்டுப் படம் போட்டு எச்சரித்திருந்த பகுதி அது, 1985இல் ஸ்டால்மன் புதிதாக எழுதி மாற்றினார். கம்யூன் நல்லெண்ணத்தின் மீது நின்றது. நல்லெண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது தெரிந்துபோயிற்று. ஈமாக்ஸுக்கென்று அவர் வகுத்த உரிம விதிகளே 1989இல் எல்லா நிரலுக்குமான குனூ பொது உரிமமாக உருப்பெற்றன. காப்புரிமைச் சட்டத்தையே, தடுப்பதற்குப் பதிலாகத் தடுப்பதைத் தடுக்கப் பயன்படுத்திய ஏற்பாடு. ஓர் எடிட்டரைச் சுற்றி வந்த சச்சரவிலிருந்து கிடைத்தது.

அந்த உரிமம் சண்டையை ஒழிக்கவில்லை. 1991இல் லூசிட் என்ற கம்பெனி, அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் தானே ஓர் ஈமாக்ஸைக் கிளைபிரித்துக்கொண்டு போயிற்று. 1994இல் அந்தக் கம்பெனி மூழ்கியது. கிளை, எக்ஸ் ஈமாக்ஸ் என்ற பெயரில் மேலும் பல வருஷம் ஓடிப் பின்னர் வாடியது. ஆனால் இந்தத் தடவை யாரும் யாரையும் நிறுத்தச் சொல்ல முடியவில்லை. ஒரு பத்திரிகைக் குழு பிளந்தால் இரண்டு பத்திரிகைகள் வரும். எது நிற்கிறதென்று வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். உரிமம் உறுதிசெய்தது அவ்வளவுதான், அது குறைவல்ல.

7

தமிழுக்கும் இந்தக் கதையில் ஓரிடம் உண்டு. ஈமாக்ஸ் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. ஓர் எழுத்து, ஒரு குறி, ஓர் இடம் என்ற கணக்கு அதன் எலும்பில் இருந்தது. ஜப்பானில் ட்ஸுகுபா நகரத்து மின்தொழில்நுட்ப ஆய்வகத்தில் கெனிச்சி ஹாண்டாவும் கூட்டாளிகளும் முதலில் ஜப்பானிய மொழிக்காகவும், பிறகு மியூல் என்ற பெயரில் பல மொழிகளுக்காகவும் அதை உடைத்துக் கட்டினார்கள். 1997இல் 20ஆம் பதிப்போடு அந்த வேலை பிரதான ஈமாக்ஸில் சேர்ந்தது. 2009இல் 23ஆம் பதிப்பு யூனிகோடை அடித்தளமாக்கிக்கொண்டது.

தமிழ் எழுத்து இந்தக் கணக்கைக் குழப்பும். கொ என்று எழுதினால் மெய்க்குப் பின் ஓர் உயிர்க்குறி என்றுதான் நினைவகத்தில் இருக்கும். திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னும் கால் பின்னுமாக நிற்க வேண்டும். எழுத்துருவைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற பொது நூலகம் 2020இல் 27ஆம் பதிப்போடு ஈமாக்ஸில் இணைந்தது. பல மொழிகளில் முகமன் சொல்லும் ஒரு பக்கம் ஈமாக்ஸோடு வருகிறது. அதில் தமிழ் வணக்கம் இருக்கிறது.

வணக்கம் போட்டதால் தமிழ் வந்துவிட்டது என்று நாம் புளகாங்கிதம் அடைய வேண்டியதில்லை. முக்கியமான விஷயம் வேறு. எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை ஈமாக்ஸில் படிக்கக்கூடிய லிஸ்ப் வரிகளாக இருக்கிறது. ரோமன் எழுத்தில் அடித்துத் தமிழ் பெறும் முறையும் அப்படி ஓர் அட்டவணைதான். பிடிக்காதவர் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்ளலாம். தமிழ் விசைப்பலகை எப்படி இருக்க வேண்டும் என்று கம்பெனிகளும் கமிட்டிகளும் தீர்மானித்து, தமிழில் எழுதுகிறவன் அதைப் பெற்றுக்கொள்வதே வழக்கமாக இருந்திருக்கிறது. தன் மொழியை எப்படி அடிப்பது என்பதில் எழுதுகிறவனுக்கே கடைசி வார்த்தை இருக்கும் ஓர் இடம், சின்ன இடமானாலும், பொருட்படுத்தத்தக்கது.

ஆனால் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல அவகாசம் யாருக்கு இருக்கிறது? ஈமாக்ஸ் தரும் சுதந்திரத்தைப் பற்றிச் சொல்லப்படுவதில் நேர்மையற்ற பகுதி இதுதான். பட்டறை திறந்திருக்கிறது, உள்ளே வர ஓய்வான பல மாலைகள் தேவை. இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவில் எழுத உட்காருபவரிடம் அவை கிடையாது. கிரீன்பெர்க்கின் அலுவலகச் செயலாளர்களுக்கு எட்டியதற்குக் காரணம் கருவி மட்டுமல்ல; யாரோ ஒருவர் சிரமப்பட்டு, பயமுறுத்தாத ஒரு கையேட்டை எழுதியிருந்தார். கடினமான கருவியைச் செய்கிறவர்களின் கடமையில் அந்தக் கையேடும் சேர்த்தி. ஈமாக்ஸ் வட்டம் இதை அடிக்கடி மறந்துபோகிறது. நாமும் நம் பத்திரிகைகளில் மறந்திருக்கிறோம். கடினமான கவிதையைப் போட்டோம். அதற்குள் நுழைய உதவும் விமர்சனத்தை எழுதச் சோம்பினோம். பிறகு வாசகனைக் குறை சொன்னோம்.

சுலபமானவை நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. கிட்ஹப் கம்பெனி 2014இல் ஆட்டம் என்ற எடிட்டரைக் கொண்டுவந்தது. 21ஆம் நூற்றாண்டுக்கான எடிட்டர் என்று அதற்கு விளம்பரம். அழகானது, கற்கச் சுலபமானது, ஈமாக்ஸைப் போலவே அவரவர் மாற்றிக்கொள்ளக்கூடியது. 2018இல் மைக்ரோஸாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியது. அதனிடம் 2015 முதலே விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற சொந்த எடிட்டர் இருந்தது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. எட்டே வருஷத்தில் முடிந்துவிட்டது அந்த நூற்றாண்டு. அதன் மூலம் திறந்தே இருந்தது. எடுத்து நடத்தச் சிலர் முயலவும் செய்தார்கள். ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் பட்டறைக்குள் வந்து உட்கார்ந்தவர்களல்ல. அடுத்த கடைக்குப் போனார்கள்.

ஈமாக்ஸின் பராமரிப்புப் பொறுப்பை ஸ்டால்மன் 2008இல் மற்றவர்களிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் பொறுப்பு பல கைகள் மாறியிருக்கிறது. நிரல் நிற்கவில்லை. அது சிறந்த எடிட்டர் என்பதற்கு இது நிரூபணமல்ல. தன்னைப் பயன்படுத்துகிறவர்களில் சிலரையாவது தன்னை எழுதுகிறவர்களாக ஆக்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பதற்கு நிரூபணம். எத்தனை பேரை அது வாசலிலேயே திருப்பி அனுப்பியது என்ற கணக்கு மறுபக்கத்தில் இருக்கிறது. அதில் பாதிப்பேரைத் திருப்பியது கண்ட்ரோல் விசையின் இடமும், யாரும் எழுதாத கையேடும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதில்லை.